பொங்கல் விடுமுறையில் வீட்டுக்கு வரும் மாணவர்

தை பிறக்கும் சமயத்தில் வள்ளூர், மீஞ்சூர் வட்டாரத்தில் எஞ்சியுள்ள நெல் வயல்களில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். அறுத்து முடித்த வயலில் தாள் மட்டும் நிற்கும். பள்ளிக்கூடம் பொங்கலுக்கு மூடியிருப்பதால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். வீட்டுப் பெரியவருக்கோ ஒரே யோசனை: நவரை நடலாமா, வேண்டாமா? கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. இனிமேல் போர்த் தண்ணீர்தான் கதி. அந்தத் தண்ணீரோ வாயில் வைத்தால் கரிக்கிறது.

இந்த நாலைந்து நாள் விடுமுறையில் வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு மாணவர் அந்த வீட்டில் வந்து தங்கினால் அவரால் என்ன பயன்? அவருக்கு வடை பாயசம் போட்டு அனுப்பிவிடுவதா, கையில் அரிவாளைக் கொடுத்து வயலில் இறக்கிவிடுவதா? இரண்டுமே சரியல்ல. உலகில் பல நாடுகளின் அனுபவம் இதைக் காட்டுகிறது.

உருளைக்கிழங்குக்காக மூடும் பள்ளிகள்

அறுவடைக்காகப் பள்ளிக்கூடத்தை மூடுவது நம் நாட்டில் மட்டுமே உள்ள வழக்கம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், கனடா எல்லையை ஒட்டி மெய்ன் மாநிலம் உள்ளது. அதன் அரூஸ்டூக் மாவட்டம் உருளைக்கிழங்குக்குப் பேர் போனது. அங்கே பனி முன்னதாகவே இறங்கிவிடும். மண் உறைவதற்குள் கிழங்கை எடுத்தாக வேண்டும். ஆகவே அங்குள்ள பள்ளிகள் ஆகஸ்டு நடுவிலேயே திறந்து, செப்டம்பர் பிற்பகுதியில் மூன்று வாரம் வரை அறுவடை விடுமுறை விடுவது நெடுங்கால வழக்கம். இயந்திரம் மண்ணைப் புரட்டிவிட்டுப் போகும். பின்னால் பிள்ளைகள் குனிந்து கிழங்கைக் கூடையில் பொறுக்கி மரப் பீப்பாயில் கொட்டுவார்கள். ஒரு பீப்பாய் சுமார் 75 கிலோ பிடிக்கும். நிரப்பியவர் யார் என்று தெரிய அவரவருக்குரிய எண் எழுதிய சீட்டைப் பீப்பாயில் வைப்பது அங்கே முறை. சீட்டை எண்ணிக் கூலி கொடுப்பார்கள். குளிர்காலத்துக்கு வேண்டிய துணிமணியை அந்தக் காசில் வாங்கிய பிள்ளைகள் ஏராளம்.

மேற்கே ஐடஹோ மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலும் சில ஊர்ப் பள்ளிகள் கிழங்கு எடுப்புக்காக இரண்டு வாரம் மூடப்படுகின்றன. ஸ்காட்லாந்தில் அக்டோபர் விடுமுறையை இன்றும் கிழங்கு விடுமுறை என்றே மக்கள் சொல்கிறார்கள். டென்மார்க்கில் அக்டோபர் நடுவில் வரும் ஒரு வார விடுமுறைக்கும் அந்தப் பெயர் உண்டு. விடுமுறை இன்னும் இருக்கிறது. பொறுக்கும் கைகள்தான் குறைந்துவிட்டன. பெரிய அறுவடை இயந்திரங்கள் வந்த பிறகு பிள்ளைகளின் தேவை குறைந்ததால், மெய்ன் மாநிலத்திலேயே பல பள்ளிகள் இந்த விடுமுறையைச் சுருக்கிவிட்டன, அல்லது எடுத்துவிட்டன. நம் வட்டாரத்தில் நெல் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகு நடந்ததும் இதேதான். அறுவடைக் களத்தில் பிள்ளைகளைக் காண்பது அரிதாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு பண்ணை வீட்டில் அயல்நாட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் ஓராண்டு தங்கிப் படித்தால், அறுவடை விடுமுறையில் அவர் என்ன செய்வார்? இவரைத்தான் பரிமாற்ற மாணவர் என்கிறார்கள். முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றிச் சென்ற தொண்டர்கள் தொடங்கிய ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பு, இரண்டாம் உலகப்போர் முடிந்த பின் 1947இல் பள்ளி மாணவர்களை இவ்வாறு குடும்பங்களில் தங்கவைக்கத் தொடங்கியது. சண்டையிட்ட நாட்டுப் பிள்ளைகள் ஒரே வீட்டில் உண்டு உறங்கினால் பகை வளராது என்பது எண்ணம். 2002இல் அமெரிக்க அரசு தன் செலவில் தொடங்கிய வேறொரு திட்டத்தில் இந்திய மாணவர்களும் போய் வந்திருக்கிறார்கள்.

அங்கே இரண்டு விதிகள் உண்டு. மாணவரை ஏற்றுக்கொள்ளும் குடும்பம் அதற்காகப் பணம் வாங்கக்கூடாது. மாணவரும் முழு நேரமாகவோ பகுதி நேரமாகவோ கூலி வேலையில் சேரக்கூடாது. அண்டை வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, புல் வெட்டுவது போன்ற எப்போதாவது செய்யும் சில்லறை வேலைக்கு மட்டும் அனுமதி. ஆகவே கிழங்கு விடுமுறையில் அந்த வீட்டுப் பிள்ளை சம்பாதிக்கப் போகும்போது, கூடத் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளை கூலிக்குப் போக முடியாது. ஆனால் வீட்டார் செய்யும் வேலையில் கூடமாட ஒத்தாசை செய்யலாம், பார்க்கலாம், கேட்கலாம். எல்லாரும் கூலி எண்ணும் இடத்தில் தான் மட்டும் கூலி இல்லாமல் நிற்பது முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் கவனித்துப் பார்க்க நேரம் கிடைப்பது அவருக்குத்தான்.

உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்ட பரிமாற்றமும் உண்டு. 1948இல் அமெரிக்க வேளாண் விரிவாக்கத் துறையும் அங்குள்ள ஃபோர்-ஹெச் என்னும் கிராம இளைஞர் மன்றங்களும் சேர்ந்து பண்ணை இளைஞர் பரிமாற்றத்தைத் தொடங்கின. 1950களில் இந்திய இளைஞர்களும் அதில் கலந்துகொண்டனர். அங்கிருந்து வந்தவர்கள் நம் கிராமத்து வீடுகளில் தங்கி, கிடைத்ததை உண்டு, மாட்டுக்குத் தவிடு வைத்து, ஏற்றம் இறைப்பதைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் போனார்கள். சில வாரத்துக்கு ஒரு வீடு என்று மாறித் தங்குவது அதன் முறை. ஒரே வீட்டைப் பார்த்துவிட்டு ஊரையே பார்த்துவிட்டதாக எண்ணிவிடக்கூடாதல்லவா?

பிள்ளைகள் மட்டுமல்ல, நெல்லும் இப்படி வெளிநாடு போய் வந்திருக்கிறது. வள்ளூர் இன்று இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. முன்பு திரூர்க்குப்பம் என்று வழங்கிய அந்த நிலையத்தில் உருவான டி.கே.எம். 6 என்னும் ரகம், தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிற்று. அங்கே வேறொரு நெல்லுடன் ஒட்டுக் கட்டப்பட்டு, 1969இல் ஐ.ஆர். 20 என்ற பெயரில் வெளிவந்தது. 1970களில் தமிழ்நாட்டுச் சம்பா வயல்களில் பெருமளவு நின்றது அந்த நெல்தான். வயதான உழவர்களைக் கேட்டால் இன்றும் அதன் சோற்றைப் பற்றிச் சொல்வார்கள்.

நம் ஊருக்கு வரும் மாணவர்

வெளிநாட்டு மாணவர் வள்ளூருக்கு வருவது அபூர்வம். ஆனால் வேளாண்மைக் கல்லூரி மாணவர் வருவது அபூர்வமல்ல. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் ஒரு வட்டாரத்துக்குச் சென்று தங்கி, ஆளுக்கொரு உழவருடன் இணைந்து பணியாற்றும் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம் நாடெங்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் நடந்து வருகிறது. இவரும் ஒரு வகையில் பரிமாற்ற மாணவரே. இவர்களில் பலர் நகரத்தில் வளர்ந்தவர்கள். நாற்றங்காலை முதன்முதலாகப் பாடப்புத்தகத்தில் பார்த்தவர்களும் உண்டு. அதைக் கண்டு சிரிக்க வேண்டியதில்லை. புத்தகத்தில் உள்ள ஒன்று நம் வயலில் இல்லை என்று அவர் கண்டுபிடிக்கும்போதுதான் பல சமயம் நமக்கும் ஒரு விஷயம் விளங்குகிறது.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. சென்னையில் இருக்கும் அத்தை மகனோ, உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் வெளியூர்ப் பெண்ணோ விடுமுறைக்கு வந்தாலும் போதும். கேள்வி கேட்கும் பழக்கமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் சரி.

ஏன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், வள்ளூர்ப் பக்கத்தில் வீட்டுப் பிள்ளைக்கே வயல் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் துறைமுகங்கள், ஒரு பக்கம் அனல்மின் நிலையங்கள், கிடங்குகள், கண்டெய்னர் லாரிகள். வள்ளூர் அனல்மின் நிலையம் மட்டுமே 1,500 மெகாவாட் திறன் கொண்டது. "நீ படி, இந்தச் சேற்றில் கால் வைக்காதே" என்று தகப்பனாரே சொல்கிறார். அதில் தவறு காண முடியாது. ஆனால் பதினாறு வயதுப் பையனுக்குத் தன் வீட்டு நிலத்தின் சர்வே எண் தெரியாது, போரின் ஆழம் தெரியாது, எந்த மடையில் முதலில் உப்புப் பூக்கும் என்று தெரியாது என்றால், நாளைக்கு அந்த நிலத்தை வைத்துக்கொள்வதா விற்பதா என்ற முடிவை அவன் எதை வைத்து எடுப்பான்? வந்த மாணவர் "இது என்ன, அது ஏன்" என்று கேட்கும்போது பதில் சொல்ல வீட்டுப் பையனும் வரப்புக்கு வந்தாக வேண்டும். விருந்தாளியால் கிடைக்கும் முதல் நன்மை இதுதான்.

அவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாகத் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். "ஆற்றோரம் இருந்துகொண்டு தண்ணீர் ஏன் கரிக்கிறது?" என்பார். அதற்குப் பதில் ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட கதை. ஆரணியாறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளில் நல்ல மணல் பாங்கான நீர்த்தாங்கி உண்டு. 1960களில் அதை ஆய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்து, நகரத்துக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். வயல்களிலும் போர்கள் பெருகின. நன்னீர் மட்டம் தாழத் தாழக் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே நகர்ந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் 1969இல் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு நீர், 1987இல் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. சென்னை சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்ததும் அதே 1987இல்தான். 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் ஆலை அது. நகரத்துக்குக் கடல் நீரை நன்னீராக்கித் தருகிறார்கள். வயல்காரருக்கோ நன்னீர் கடல் நீராக மாறிக்கொண்டிருக்கிறது.

ஒரு விடுமுறைக் கணக்கு

இந்த இடத்தில் பள்ளிக் கணக்கு உதவிக்கு வரும். வந்த மாணவரும் வீட்டுப் பையனும் சேர்ந்து போட்டுப் பார்க்கட்டும். தண்ணீரில் கரைந்துள்ள உப்பை மின்கடத்தும் திறனால் அளக்கிறார்கள். முன்பு மில்லிமோஸ் என்பார்கள், இப்போது டெசிசைமன் என்கிறார்கள். எண் ஒன்றுதான். 0.75 வரை பாசனத்துக்குக் கவலையில்லை. 0.75 முதல் 2.25 வரை வடிகால் நன்றாக இருந்தால் கவனத்துடன் பாய்ச்சலாம். 2.25க்கு மேல் போனால் சாதாரணமாகப் பாசனத்துக்கு ஏற்றதல்ல.

2.25 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிராம் உப்பு இருக்கும். கேட்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். நவரை நெல்லுக்கு மொத்தம் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் பாய்ச்சுவதாக வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர் ஆகிறது. பெருக்கினால் 5,600 கிலோ. அதாவது, 50 கிலோ மூட்டையாக 112 மூட்டை உப்பை மோட்டார் போட்டு, நம் கையாலேயே, ஒரே பருவத்தில் ஓர் ஏக்கரில் கொட்டுகிறோம்! ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து, வடிகாலும் திறந்திருந்தால் இதில் பெரும் பகுதி கழுவப்பட்டுப் போகும். மழை பொய்த்த ஆண்டில் அப்படியே தங்கிவிடும்.

நெற்பயிர் மண்ணில் 3 டெசிசைமன் வரை உப்பைப் பொறுக்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் சுமார் 12 சதவீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு. 6 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். நட்ட சில நாட்களிலும் பூக்கும் சமயத்திலும் பயிர் உப்புக்கு மிகவும் அஞ்சும். தூர் கட்டும் காலத்தில் ஓரளவு தாங்கும். பயிர் பச்சையாக நிற்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, கதிர் வந்ததும் பதராகப் போகிறதே என்று மலைப்பதற்குக் காரணம் இதுவே.

"நெல் வேண்டாம், உளுந்து போட்டுவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். உளுந்தும் பச்சைப் பயறும் உப்புக்கு நெல்லைவிடக் கூச்சப்படுபவை. சம்பா அறுத்த ஈரத்தில் விதைத்து, உப்புத் தண்ணீர் கட்டாமலே எடுக்க முடிகிற வயலுக்கு அது சரி. மண்ணிலேயே உப்பு ஏறிய வயலுக்குப் பயறு வகை கைகொடுக்காது. அங்கே நவரையை விட்டுவிட்டு, கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைக்காலத்தில் வரப்பை உயர்த்தி, தேங்கும் மழை நீரை இரண்டு மூன்று முறை வடித்து, சம்பாவுக்கு கோ 43, டி.ஆர்.ஒய். 1 போன்ற உப்பைத் தாங்கும் ரகத்தை நடுவது நட்டத்தைக் குறைக்கும். வயது சற்றுக் கூடிய நாற்றாக எடுத்துக் குத்துக்கு 3, 4 என நட்டால் வயல் சொட்டை விழாது.

இன்னொன்று. வெள்ளை பூத்த வயலைக் கண்டதும் ஜிப்சம் வாங்கிப் போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. வெறும் உப்பு மிகுந்த உவர் நிலத்துக்கு அது மருந்தல்ல, அதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வேண்டும். களரா உவரா என்று மண்ணை ஆய்ந்து பார்க்காமல் காசைச் செலவிட வேண்டாம். மின் நிலையச் சாம்பல் படிந்த வயல் என்றால் அதையும் மாதிரியுடன் குறிப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

மாணவர் வந்தால் அவருக்கென்று தனிச் சமையல் வேண்டியதில்லை. வீட்டில் என்ன உண்டோ அதுவே போதும். குடிக்கும் தண்ணீர் மட்டும் சுத்தமாக இருக்கட்டும். நம் வீட்டில் வந்து தங்குபவர் நாலு நாளில் வீட்டுக்கார அம்மாளை "அம்மா" என்றும், மூத்த பையனை "அண்ணே" என்றும் கூப்பிடத் தொடங்கிவிடுவார். அதன் பிறகு வேலை சொல்லக் கூச்சம் இருக்காது. ஆகவேதான் எந்த வேலை சொல்லலாம், எது கூடாது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது. தன் சொந்தக் குடும்பத்துக்குப் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையில் உதவலாம் என்று அதில் இடம் விடப்பட்டிருக்கிறது. குடும்பம் என்பதில் பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோர் அடங்குவர். விருந்துக்கு வந்த வேற்று வீட்டுப் பிள்ளை அதில் சேராது. அப்பிள்ளை பார்க்கலாம், எழுதிக்கொள்ளலாம். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கும் ஆபத்தான வேலை கூடாது. சட்டம் ஒருபுறமிருக்க, வந்த மாணவர் எந்த வயதினராயினும் மருந்து தெளிக்கும்போது பக்கத்தில் நிற்கவிட வேண்டாம். அறுவடை இயந்திரத்தின் அருகிலும், மோட்டார் கொட்டகையில் ஈரக் கையோடும் விடக்கூடாது. ஆற்றுக் கழிமுகத்தில் நீச்சலுக்குத் தனியே அனுப்பவும் வேண்டாம்.

வெளிநாட்டவர் தங்கினால், அது ஒரு நாளாயினும், வந்த 24 மணி நேரத்துக்குள் இணையவழிப் படிவம் நிரப்பி அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தங்கும் விடுதிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் இந்தக் கடமை உண்டு. மாணவரை அனுப்பும் அமைப்பு இதைச் சொல்லித் தரும். அப்படி எந்த அமைப்பும் இல்லாமல், காசு கேட்டு "உங்கள் பிள்ளையை வெளிநாட்டுக்கு மாணவனாக அனுப்புகிறோம்" என்று யாராவது வந்தால், பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

பையன்களிடம் விடக்கூடிய நல்ல வேலை ஒன்று உண்டு. மோட்டாரைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அரை லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரப்பி மூட வேண்டும். உழவர் பெயர், ஊர், சர்வே எண், போரின் ஆழம், முன்பயிர், அடுத்து நட எண்ணும் பயிர் ஆகியவற்றைச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கட்ட வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், வரப்பையும் எருக்குழியையும் விட்டு ஒதுங்கி, மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்துப்போல் வெட்டி, பக்கச் சுவரில் ஒரு படலம் மண் எடுத்துக் கலந்து, கால் பங்கீட்டு முறையில் குறைத்து அரைக் கிலோவாக்க வேண்டும். உப்புப் பூத்த மேல் மண்ணை மட்டும் சுரண்டித் தனிப் பையில் வைக்க வேண்டும், இதோடு கலந்துவிடக்கூடாது. அக்கம்பக்கத்துப் போர்களிலும் இதேபோல் எடுத்து, தண்ணீரின் அளவை ஊர்ப் படத்தில் குறித்தால், உப்பு எந்தத் திசையிலிருந்து ஏறி வருகிறது என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும். அடுத்த பொங்கல் விடுமுறையில் யார் வந்தாலும் அதே போர்களில் மறுபடி எடுத்துப் பக்கத்தில் எழுதட்டும்.

மாதிரிகளைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, அரசு மண் ஆய்வுக் கூடத்திலோ கொடுத்து ஆய்வறிக்கை பெறலாம். நவரை நாற்று விடுவதற்கு முன்பே முடிவு கையில் கிடைக்க, பொங்கல் கழிந்த மறு வாரமே கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது. மாணவர்களை ஏற்றுக்கொள்ள விரும்பும் உழவர்கள் மீஞ்சூர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் பெயரைப் பதிவு செய்து வைக்கலாம்.